போட்டோவுக்கு ஒரு சாய்தளம்

நாலு படிக்கு ஆறடியில் இரும்புச் சாய்தளம் அடித்துக் கொடுப்பதும், அதில் ஏறுகிற ஆள் பின்னால் உருண்டு வரும்போது ஓடிப்போய்ப் பிடிப்பதும் எங்கள் வெல்டிங் தொழிலில் சேர்த்தி. பிடித்தேன். மணிக்கட்டில் ரத்தம் கட்டிவிட்டது. சிவகாசிப் பக்கம் ஏதாவது பட்டறையில் நின்று கண்ணில் பொறியும் காதில் முதலாளி வாயும் வாங்கியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் இருக்கட்டும்.

ஆறடி

உருண்டு வந்தவர் சங்கரன் அண்ணன். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவர். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் ஊதுபத்தி விற்கிறார். ஒரு கடன் சங்க வாசலில் நாங்கள் சாய்தளம் வைத்த சேதி கேட்டு ஆசையாக வந்திருந்தார். நாலு படியும் சேர்ந்து இரண்டடி உயரம். ஓரடி ஏற பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்று போனில் பார்த்து முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தேன். "அம்புட்டு நீளம் போட்டா ரோட்டுல பாதி போயிரும். பேசாம அடிலே" என்றார். அடித்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணன் மூன்று தடவை ஏறப் பார்த்தார். மூன்றாம் தடவைதான் உருண்டது. சங்கத்து ஆட்கள் உள்ளே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். ஒருத்தரும் எழுந்து வரவில்லை. அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்டார்: "தம்பி, இது ஏறுறதுக்கா, குதிக்கிறதுக்கா?"

சாமான் வழி

ஒரு கல்யாண மண்டபத்தில் மட்டும் கேட்ட நீளத்துக்கு இடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, முனையெல்லாம் தேய்த்து, அழகாக முடித்தேன். ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனால், சாய்தளத்தின் கீழே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறது. மேலே கேஸ் சிலிண்டர்கள், அண்டாக்கள். பக்கத்துப் படியில் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவர் வேட்டி விலகிவிட்டது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தார். முகூர்த்தத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் அவரைத்தான் பார்த்தது.

மேனேஜரிடம் போய்ச் சாவி கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "அது சாமான் வண்டி ஏறத்தான் தம்பி. ஆளுகளத்தான் தூக்கிருவாகள்ல?"

கலர் மாற்றம்

இதற்கப்புறம்தான் முதலாளிக்கு அந்த யோசனை வந்தது. ஆறடித் துண்டுகள் மூன்று. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நாலு போல்ட். மூன்றையும் கோர்த்தால் பதினெட்டடி. கழற்றினால் குட்டியானை வண்டியில் ஏறிவிடும். எந்தக் கம்பெனிக்கு வசதிகளைச் சரிபார்க்கிற ஆடிட் வந்தாலும் அன்றைக்குக் கொண்டுபோய் வைப்போம், போட்டோ எடுப்பார்கள், திரும்பக் கொண்டுவருவோம். பாதி இடத்தில் ஒரே ஒரு துண்டைச் சும்மா சாய்த்து வைத்தாலே போதும் என்பார்கள். போட்டோவில் யாரும் ஏறிப் பார்க்கப்போவதில்லையே.

சாத்தூர் வரைக்கும் எத்தனை வாசலில் அதை இறக்கியிருப்பேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அத்தனை வாசலிலும் அதே நீலப் பெயிண்ட், அதே சக்கர நாற்காலிப் படம். ஒருநாள் போனில் போட்டோக்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்குத் திடீரென்று கவலை வந்துவிட்டது: "ஏலே, எல்லாம் ஒண்ணு போல தெரியுது. வேற கலர் அடிலே."

பேப்பர் பண்டல்

நாரணாபுரம் ரோட்டில் ஒரு பிரஸ். வெளிநாட்டுக்கு நோட்டு அடிக்கிறார்கள். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய படிவத்தில் இரண்டு கேள்வி: மாற்றுத்திறனாளி யாராவது வேலை செய்கிறாரா, சாய்தளம் உண்டா. இரண்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். சாய்தளத்துக்கு நாங்கள். ஆளுக்கு முத்துச்செல்வி அக்கா.

அக்கா முன்னே பட்டாசு வேலைக்குப் போனவர். வெடி விபத்தில் சுவர் இடிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டு, பிரஸ் பிரஸ்ஸாக வேலை கேட்டுப் போனார். ஏறாத பிரஸ் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. எந்தப் பிரஸ்ஸிலும் ஏற முடியவில்லை, எல்லா வாசலிலும் படி. இங்கே மூன்று படி, ஒன்றரையடி. அளவெடுக்க நான் போன அன்றுதான் அவருக்கு முதல் நாள். பைண்டிங் ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். அதில் ஒருத்தன் கை எங்கே பட்டதோ, அக்கா பட்டென்று தட்டிவிட்டார். உள்ளே போனதும் மேனேஜரிடம் கேட்டார், தினமும் இப்படித்தானா என்று. ஆடிட் அன்றைக்குச் சாய்தளம் வருகிறது, மற்ற நாள் பையன்கள் இருக்கிறார்கள், என்ன குறை என்றார் அவர். அக்கா சத்தமே போடவில்லை: "தினம் ஏத்தி எறக்க நான் என்ன பேப்பர் பண்டலா சார்? தெனமும் சாய்தளம் இல்லேன்னா நான் நாளைக்கே நின்னுக்கிடுதேன்."

நிரந்தரம்

ஆடிட்டுக்கு வருகிற அம்மா டேப் வைத்து அளப்பார் என்பதால் மூன்று துண்டையும் கோர்த்து வைத்தேன். அக்கா வந்தார். யாரையும் பார்க்காமல், சக்கரத்தைக் கையால் தள்ளி, பதினெட்டடியும் ஏறினார். வாசலில் நின்றார். திரும்பி இறங்கினார். மறுபடி ஏறினார்.

அளந்து முடித்த அம்மா, "இது எப்பவும் இங்கயே இருக்கிறதுதானே?" என்று கேட்டார். "நிரந்தரம் மேடம்" என்றார் மேனேஜர். அந்தம்மாவுக்குச் சந்தேகம், என் பக்கம் திரும்பினார். மேனேஜர் கண்ணைக் காட்டினார். நானும் சொன்னேன்: "ஆமா மேடம், நிரந்தரம்." அவர் எழுதிக்கொண்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர், "கழட்டி வண்டில ஏத்துப்பா, லாரி வரணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். முதலாளியும் போனில் அதையேதான் சொன்னார், சாத்தூர்க்காரன் காத்திருக்கிறான் என்று. ஸ்பேனரை எடுத்தவன் கீழே வைத்துவிட்டு, வண்டியிலிருந்து வெல்டிங் மிஷினை இறக்கினேன். பக்கத்தில் கிடந்த கழிவுப் பேப்பரையெல்லாம் தூர இழுத்துப் போட்டேன். பிளக் வேண்டும். ஜன்னல் வழியாக அக்காவிடம் ஒயரை நீட்டினேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை, வாங்கிச் சொருகினார். பொறி பறக்கும், உள்ளே தள்ளிப் போங்கக்கா என்றேன். அவர் நகரவில்லை: "நான் பாக்காத பொறியா? நீ வையி."

இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டு வருடத்தில் யாரும் சொல்லாமல் நான் வைத்த ஒரே வெல்டு, கழற்றச் சொன்ன அந்த எட்டு போல்டின் மேல்தான்.