சாமிக்காகப் பேசப் போன ஷரீஃபுன்னிசா

1988 ஜனவரி 5ஆம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகல், தங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகத்துக்கு எங்கள் இல்லத்தின் கடிதத்துடன் வந்த ஷரீஃபுன்னிசா என்பவரை, அவர் கூறியதில் ஒரு வரியைக்கூடப் பதிவு செய்யாமல், "தரகர்களுக்கு இங்கே வேலை இல்லை" என்று பலர் முன்னிலையில் சொல்லி வெளியே அனுப்பினீர்கள். கிளை மேலாளராகிய தங்கள் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு இதுவே.

பம்பாய்ச் சுனாபட்டியில், குடியிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீள விரும்புவோருக்காக டாக்டர் நம்பிராஜன் நடத்தும் சிகிச்சை இல்லத்தில் அலுவலகப் பொறுப்பு என்னுடையது. தாங்கள் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலப் படி பதிவுத் தபாலில் வரும். தரகர் என்ற சொல் பலர் காதில் விழுந்துவிட்டபடியால், அவர் யார் என்பதும் பலருக்குத் தெரியட்டும் என்று நம்மவர் சங்கத்தின் சுற்றிதழிலும் இதை அச்சிடக் கொடுத்திருக்கிறேன்.

ஷரீஃபுன்னிசா கடையநல்லூரில் பிறந்தவர். தோல் பை தைக்கும் ஜெயினுலாப்தீனைக் கைப்பிடித்துத் தாராவிக்கு வந்தார். பைகளுக்கு உள்துணி தைப்பது அவர் வேலை. 1983இல் அவருடைய தம்பி அபுதாஹிர் பிரவுன் சுகர் என்ற போதைப்பொடியில் விழுந்தான். பிள்ளையை மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொன்னவர்கள் உண்டு. ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னவர்களும் உண்டு. இவர் அவனைக் கையைப் பிடித்து எங்கள் வாசலுக்கு இழுத்து வந்தார். தம்பி குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் இவர் வருவதை நிறுத்தவில்லை. கேட்டால், "தம்பி போய்ட்டான் அண்ணாச்சி, படுக்கை காலியாவா கெடக்கு?" என்பார்.

நாங்கள் அவருக்குத் தருவது பஸ் கட்டணம் மட்டுமே. அதிலும் பாதி நாள் நடந்து வந்து, மிச்சப்படுத்தியதற்கு நாரத்தங்காய் ஊறுகாய் வாங்கி வந்துவிடுவார். குடியை விட்டவர்களுக்கு முதல் வாரம் வாய் கசக்கும், அதற்காக.

காப்பீட்டு அலுவலகங்களுக்குப் போய்ப் பேசும் வேலை தானாகவே அவரிடம் வந்து சேர்ந்தது. நான் பேசினால் பிரிவு, உட்பிரிவு என்று பேசுவேன். எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார். இவர் பேசினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

இனி வழக்குக்கு வருகிறேன். அம்பர்நாத்தில் ஓர் இரசாயன ஆலையின் தொழிலாளி சொரிமுத்து. ஆலைச் சங்கம் போராடிப் பெற்ற குழுப் பாலிசியில் குடிநோய்க்கான உள்நோயாளிச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தங்கள் நிறுவனம் அதைச் சிகிச்சை என்று ஏற்றால், சொரிமுத்து வேலைக்கு வராத நாட்கள் நோய் விடுப்பு ஆகும். ஏற்காவிட்டால் சொல்லாமல் நின்ற நாட்கள் ஆகும். ஜனவரி 31ஆம் தேதியோடு பெயரை நீக்கிவிடுவதாக ஆலை எழுதியிருக்கிறது.

அவர் கார்த்திகை மாதம் எங்களிடம் வந்தபோது கழுத்தில் மாலையும் இடுப்பில் கறுப்பு வேட்டியும் இருந்தன. முந்தின நாள்தான் அவர் மனைவி பேராச்சி, அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் மாலை போட வைத்திருந்தார். குடிக்காக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று அவர்கள் குடியிருக்கும் சாலில், அந்த வரிசை வீடுகளில், யாரும் பேசக்கூடாது. விரதம் இருக்கிறான் என்று பேசட்டும் என்பது அவர் எண்ணம். மாலை போட்டவரைச் சாமி என்றுதானே அழைக்க வேண்டும்? எங்கள் இல்லத்தில் டாக்டர் முதல் சமையல்காரர் வரை எல்லோரும் அப்படியே அழைத்தோம்.

டிசம்பர் 9ஆம் தேதி தங்கள் ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வந்தார். சொரிமுத்து கிடந்த மூன்றாம் படுக்கையைக் காட்டி, இவர் யார் என்று இந்தியில், "யே கோன் ஹை?" எனக் கேட்டார். "சாமி ஹை" என்றார் சமையல்காரர். அருகில் நின்ற பேராச்சியும், விரதம் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. மருத்துவக் குறிப்புகளைத் திறந்தும் பாராமல், "தங்கியிருப்பது மத விரதத்துக்காக, நோய் ஏதுமில்லை" என்று அவர் எழுதிப் போனார். அதன்மேல் தாங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் மூலமும் இரண்டு நகல்களும் என்னிடம் உள்ளன.

அலுவலகத்துக்குப் போவதற்கு முன் குடும்பத்தாரை உட்காரவைத்து ஒத்திகை பார்ப்பது ஷரீஃபுன்னிசாவின் வழக்கம். ஜனவரி 4ஆம் தேதி சாயங்காலம் எங்கள் சமையலறையில் அது நடந்தது. டாக்டரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, கவிழ்த்த அண்டாவின் மேல் அதிகாரியாக அமர்ந்தார்.

"ஏம்மா, ஒம் புருஷன் எதுக்கு அங்க கெடக்கான்?"

"சாமி மாலை போட்டிருக்காவ, ஐயா" என்றார் பேராச்சி.

"மாலை போட்டா கோயில்லல்லா கெடக்கணும்? அங்க பிரசாதமா குடுக்காவ? மாத்திரைல்லா குடுக்காவ!"

பேராச்சி சிரித்துவிட்டார். "யக்கா, ஒங்களப் பாத்தா ஆபீசர் மாதிரியே இல்ல. ரேஷன் கடைக்காரன் மாதிரி இருக்கிய."

"ரெண்டு பேரும் ஒண்ணுதாம்ளா. சிரிக்காம சொல்லு. ஒம் புருஷன் குடிச்சானா, இல்லியா?"

பேராச்சியின் சிரிப்பு நின்றது. "அத எப்பிடிக்கா நாலு பேரு முன்னால சொல்ல? மாலை கெடக்க கழுத்து."

உள்ளேயிருந்து சொரிமுத்துவின் குரல் வந்தது. "சொல்லு புள்ள. குடிச்சது நான்தான, நீயா?"

"சாமி, நீங்க செத்த சும்மா இரிங்க" என்றார் ஷரீஃபுன்னிசா. "மத்தியானத்து மாத்திரை இன்னும் தட்டுலயே கெடக்கு. சாமின்னுகூடப் பாக்கமாட்டேன், ஆமா!"

மறுநாள் தங்கள் அறையில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஷரீஃபுன்னிசாவும் பேராச்சியும் தங்கள் எதிரே அமர்ந்திருக்க, கோப்புடன் பின்னால் நின்ற நானும் அறிவேன். "மாலை போட்டுண்டிருக்கிறவரைக் குடிகாரர்னு ரெக்கார்டுல எழுதச் சொல்றேளா? அபசாரம் இல்லையோ?" என்றீர்கள். அந்தப் பக்தியை நான் குறை கூறவில்லை. ஆனால் அதைக் கொண்டு ஒரு நோயாளியின் சிகிச்சையை இல்லை என்று ஆக்கினீர்கள்.

"சாமிக்குக் காய்ச்சல் அடிச்சா மாத்திரை குடுப்பியளா, மாட்டியளா சார்?" என்று ஷரீஃபுன்னிசா கேட்டார்.

"அது வேற. உங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"எனக்கா தெரியாது? கார்த்திகை பொறந்தா பஜனைப் பந்தல் எங்க வாசல்லதான் சார் கட்டுதாவ. வாசல்ல கெடக்க தோலையெல்லாம் நாங்கதான் அள்ளி உள்ள போடுதோம். அந்த மாசம் பூரா தோலு மணத்துலதான் எங்களுக்குத் தூக்கம். எம் வீட்டுக்காரரு ஒரு நாளு மொகம் சுளிச்சதில்ல."

அப்போதுதான், யாரும் கேளாமல், பேராச்சி எழுந்து நின்றார். முந்தின நாள் ஒத்திகையில் வராத சொல் அங்கே வந்தது.

"ஐயா, வருஷா வருஷம் மாலை போடுதாவ. கழுத்துல கெடக்க வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டாவ. மலையெறங்கி மாலையக் கழட்டுனதும், ரயிலு கல்யாண் வாரதுக்குள்ள குடிச்சிருவாவ. ஒரு கையில பிரசாத டின்னு, ஒரு கையில பாட்டிலு. அப்பிடியே வந்து எறங்குவாவ. மாலையே குணமாக்கும்னா நான் ஏன் ஐயா இங்க கொண்டாந்து சேக்கேன்?"

ஷரீஃபுன்னிசா மெதுவாக, "இத எழுதிக்கிடுங்க சார்" என்றார். தாங்கள் எழுதவில்லை. கோப்பை மூடினீர்கள். அதன் பிறகே, வெளிக்கூடத்தில் இருந்தவர்களும் கேட்க, தரகர் என்ற அந்தச் சொல்லைச் சொன்னீர்கள்.

வெளியே வந்து படியில் நின்றபோது அவர் தமக்காக வருந்தவில்லை. பேராச்சியின் தோளைத் தட்டி, "ஒத்திகையில ஊமை, ஆபீசுல வக்கீலு! என்ன பொம்பளளா நீ!" என்றார். பேராச்சி அழுதுகொண்டே சிரித்தார்.

ஜனவரி 15ஆம் தேதி சொரிமுத்து மலைக்குப் போகவில்லை, டாக்டர் அனுமதிக்கவில்லை. மலைக்குப் போக முடியாதவர்கள் செய்வதுபோல, செம்பூரில் ஒரு கோயிலிலேயே இருமுடி செலுத்தி மாலையைக் கழற்றினார். அபுதாஹிர் உடன் சென்றான். ஷரீஃபுன்னிசா எதிர்ச்சாரியில் செருப்புகளுக்குக் காவலாக நின்றார். ஆண்டுதோறும் சொரிமுத்து மறுபடி குடியில் வழுக்கி விழும் நாள் அதுதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்த சொரிமுத்து வெறுங்கழுத்தைத் தடவியபடி, "அக்கா, பயமா இருக்கு" என்றார்.

"இருக்கட்டும்லே. பயந்துக்கிட்டே பஸ்ஸுல ஏறு. இன்னைலருந்து நீ சாமி இல்ல, வெறும் சொரிமுத்து. மாத்திரைய முழுங்கலன்னா அடிதான்."

அவர் பஸ்ஸில் ஏறினார். இல்லத்துக்கு வந்தார். மாத்திரையை விழுங்கினார். இதை எழுதும் இன்று வரை மூன்றாம் படுக்கையில்தான் இருக்கிறார், குடிக்காமல். இப்போது அவரைத் தாங்கி நிற்பது இந்தச் சிகிச்சை ஒன்றே. அது முடிய இன்னும் சில வாரங்கள் உள்ளன. வேலை போய்விட்டது என்று செய்தி வந்தால் அந்தப் படுக்கையில் அவர் இருப்பாரா என்பதை டாக்டராலும் சொல்ல இயலவில்லை.

ஆகவே, சொரிமுத்து எங்கள் இல்லத்தில் தங்கியிருப்பது பாலிசியின்படி சிகிச்சையா, இல்லையா? இல்லையெனில் எந்தப் பிரிவின்படி இல்லை? பேராச்சி தங்கள் முன் கூறியது ஏன் பதிவு செய்யப்படவில்லை? ஷரீஃபுன்னிசாவைத் தரகர் என்று அழைக்கத் தங்களிடம் உள்ள ஆதாரம் என்ன? இவற்றுக்கு ஜனவரி 28ஆம் தேதிக்குள், தங்கள் கையொப்பமும் அலுவலக முத்திரையும் இட்டு, எழுத்தில் பதில் தர வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் எதையும் பதிலாக ஏற்க மாட்டோம்.

க. வானமாமலை
சுனாபட்டி, பம்பாய்
20-1-1988