பதினான்காம் பதிவு

யூட்டே பதினொரு வருடமாக அடுத்தவர் பேச்சைத் தட்டச்சு செய்து பிழைத்தவள். ஆல்போர்க் நகரில் மூன்றாம் மாடி வீடு, தனி ஆள். ஆய்வாளர்கள் யாரையாவது உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவிட்டு, பதிவை அவளுக்கு அனுப்புவார்கள். இருமல், விம்மல், தயக்கம் எதையும் விடாமல் எழுத்தாக்கித் தருவாள். தெரிந்த குரல் வந்தால் உடனே நிறுத்தித் திருப்பி அனுப்புவதாகக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

அந்த மார்ச்சில் ராஸ்முஸ் என்ற ஆய்வாளன் அனுப்பியவை, பெற்றோரோடு பேச்சை முறித்துக்கொண்ட பிள்ளைகளின் பேட்டிகள். பதினான்காவதில் ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். ஸன்னே. நாலு வருடமாகக் காதில் விழாத மகள் குரல்.

யூட்டே நிறுத்தவில்லை. மகள் நாய் வளர்ப்பது, வேலை மாறியது எல்லாவற்றையும் ஆசை ஆசையாக எழுதிக்கொண்டே போனாள்.

"அப்பா விட்டுட்டுப் போனப்ப எனக்கு ஒம்பது வயசு. 'உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்காமத்தான் போயிட்டான்'னு அம்மா சொன்னா. உருளைக்கிழங்கு சீவிக்கிட்டே. கத்திகூட நிக்கல."

அந்த வரிகளை யூட்டே இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டாள். அந்த இடத்தில் 'ஒலி தெளிவாக இல்லை' என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

ராஸ்முஸ் எல்லாப் பதிவையும் தானே கேட்டுச் சரிபார்ப்பவன். மறுவாரம் கூப்பிட்டான்.

"அந்த இடம் நல்லாத்தானே கேக்குது, யூட்டே? ஏன் இப்படிப் போட்டீங்க?"

"அது... என் பொண்ணு."

"அவங்ககிட்ட நான் சொல்லியாகணும்."

"வேண்டாம். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

"எங்கள நம்பித்தானே பேசினாங்க?"

வியாழக்கிழமை ஸன்னே போன் செய்தாள்.

"ஒரே ஒரு வரி. அதையும் விட்டு வைக்க மாட்டியா, அம்மா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல, ஸன்னே. நீ சின்னப் புள்ள, தப்பா ஞாபகம் வச்சிருக்க."

அந்த அடுப்படியும் கத்தியும் யூட்டேவுக்கு நன்றாகவே நினைவிருந்தன.

"அந்த ராஸ்முஸ் மூணு மணி நேரம் கேட்டான். ஒரு தடவைகூட 'அப்படி இல்ல'ன்னு சொல்லல. யாரோ ஒருத்தன்!" ஸன்னே வைத்துவிட்டாள்.

பிறகு யூட்டேவுக்குப் பதிவுகள் வரவில்லை. மகளின் எண்ணும் மாறிவிட்டது. கோடையில் ராஸ்முஸுக்கு எழுதினாள்: அந்தப் பதிவை ஒரு தடவை கேட்கத் தாருங்கள், குரலுக்காகத்தான். ஸன்னேயைக் கேட்டுப் பார்த்ததாகவும் அவர் சம்மதிக்கவில்லை என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது.