உயிரோடிருந்த வாப்பாவை மௌத்தாக்கிய கட்டுரை

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, கிண்ணியாவில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். மகள் பத்தாம் வகுப்பு. பாடசாலைகளுக்கிடையிலான போட்டிக்கு 'என் தந்தை' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். முதலில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். வாப்பா வாசலிலேயே இடுப்புச் சாரத்தை உதறுவது, குளித்தும் மீன் வெடில் போகவில்லை என்று நான் ஏசுவது, அவர் வலையோடு கதைப்பது, எல்லாம் இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுத்துப் பிழைகளும் இருந்தன. அதைத் திருத்தத்தான் என் காக்காவிடம் அனுப்பினேன். என் மூத்த சகோதரர் அவர். திருகோணமலை டவுனில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவர்.

திருத்தி வந்ததை மகள் நல்ல தாளில் எழுதி டீச்சரிடம் காட்டியிருக்கிறாள். டீச்சருக்கும் பிடித்துப் போனதாம். மறுநாள் அனுப்ப வேண்டும். நான் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் அறைக்குள் சத்தமாக வாசித்துப் பார்த்தாள்.

"அன்று கடலுக்குப் போன என் வாப்பா திரும்பி வரவேயில்லை..."

கேத்தலைப் போட்டுவிட்டு "இன்னாலில்லாஹி" என்று, மரணச் செய்திக்குச் சொல்வதைச் சொல்லிக்கொண்டே ஓடினேன். அந்த வாப்பா விறாந்தைக் கதிரையில் இருந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அவர் எவ்வளவு பிந்தினாலும் 'இன்னும் வரவில்லை' என்று சொல்ல மாட்டோம். 'வந்துகொண்டிருக்கிறார்' என்றுதான் சொல்லுவோம். அப்படிப்பட்ட வீட்டில் இந்த வரி!

காக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"எப்ப காக்கா நீங்க இவர மண்ணுல அடக்கினீங்க? இவர் இங்க நகம் வெட்டிக்கிட்டு இரிக்கார்!"

அவர் சிரித்தார். "அது கற்பனை புள்ள. உசிரோட இரிக்கிற வாப்பாவுக்கு ஆரு பரிசு குடுப்பாங்க? அழ வெச்சாத்தான் மார்க்ஸ் வரும்."

"அப்ப உங்கட புள்ளைக்கு எழுதிக் குடுங்க, நீங்க மௌத்தாகிட்டீங்க எண்டு!"

போனை வைத்துவிட்டார்.

"அடக்கின மையத்துக்குத் தேத்தண்ணி இல்லையா?" என்று இவர் பகிடி விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மீதும் கத்தினேன். மகள் அழத் தொடங்கினாள்.

"டீச்சர் இதத்தான் நல்லமெண்டு சொன்னாங்க உம்மா. மாத்தினா வேற புள்ளைடத அனுப்பிருவாங்க."

அதுதான் எனக்கு நெருப்பாக எரிந்தது. என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. கற்பனையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 'என் தந்தை' என்று தலைப்புப் போட்டு, கீழே தன் பெயரையும் எழுதி, இருக்கிற மனிதரை இல்லை என்று சொன்னால் அது பொய்தானே? பொய் சொல்லாதே என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய பெரியவர்களே அதை அழகாக எழுதிக் கொடுத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

"அனுப்பினா அனுப்பட்டும். வாப்பாவ மௌத்தாக்கி ஒரு கப் நமக்கு வாணாம்," என்றேன்.

மகள், மாமா எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தான் முதலில் எழுதியதை எடுத்துக்கொண்டு பிழை திருத்த வாப்பாவிடம் போனாள். அவருக்கு அவளைவிட மோசமாகத்தான் எழுத வரும். வலைக்கு எந்த 'லை' என்று இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள்.

மறுநாள் டீச்சர் அதை வாசித்துவிட்டு, "முந்தினதுதான் உருக்கமா இருந்திச்சு" என்று சொல்லி, வேறு பிள்ளையின் கட்டுரையை அனுப்பினாராம். மகள் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

காக்காவோடு இப்போது கதைக்கிறேன்; உறவை முறிக்க எங்கள் மார்க்கம் விடாது. ஆனால் ஒவ்வொரு சுபஹுத் தொழுகையிலும் அல்லாஹ்விடம் அழுது கேட்டு நான் வாங்குகிற உயிர் என் கணவருடையது. ஒரு பரிசுக்காக அதைப் பேனையால் எடுக்கத் துணிந்தார்களே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. அதை ஆற்றித் தா என்று நான் துஆக் கேட்டதும் இல்லை.