மறுபாதி சொன்ன குரல்

இதை நான் கண்ணால் காணவில்லை. அன்று எனக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. ஆனால் நடந்தது உண்மை. மதலேனா என்னோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்தவள். சீனி போட மறந்த தேத்தண்ணியைக்கூட, போட்டேன் என்று சொல்லிக் கொடுக்கத் தெரியாதவள். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். திரும்பக் கேட்டுக்கொள்ள இப்போது அவள் இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் செபமாலை சொல்லும்போது கடைசிப் பத்து மணிகளையும் முன்பின் தெரியாத ஒருவருக்காகச் சொல்வாள். அன்று வழியில் கண்ட யாராவது. பேர் கேட்டு வைக்கமாட்டாள். "நீலக் குடை அம்மாவுக்காக", "பஸ்ஸில வாந்தி எடுத்த பிள்ளைக்காக" என்று தொடங்குவாள். எங்கள் மகன் றுஷாந்தனுக்கு இது பெரிய பகிடி. எல்ல டவுனில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"இன்னைக்கு யாரும்மா மாட்டுனது? முதுகுல மூட்டையோட திரியிற வெள்ளக்காரனா?"

"அவனப் பெத்தவளும் எங்கயோ காத்துக்கிட்டுத்தான்டா இருப்பா."

"நேத்து பஸ் கண்டக்டருக்கு வேண்டுன. இன்னைக்கும் அந்தாளு வள்ளுன்னுதான் விழுந்தான்."

செபமாலையை இரண்டு பேர் சொன்னால்தான் அழகு. "அருள் நிறைந்த மரியே" என்று முதல் பாதியை ஒருவர் சொல்ல, "புனித மரியே" என்று மறுபாதியை மற்றவர் சொல்ல வேண்டும். றுஷாந்தன் எப்போதும் பிந்தித்தான் வருவான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, வெளியில் நின்றபடி மறுபாதியைத் தொடங்கிவிடுவான். அவசரத்தில் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவான்.

அன்று விடாத மழை. மண்மேடுகள் சரியலாம், கவனம் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பண்டாரவளைக்குப் போய்விட்டு மதலேனா மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நிறுத்தத்தில் ஒரு வாலிபன் நின்றிருந்தான். சிவப்பு சுவெட்டர். ஒரு கை நூல் பிரிந்து தொங்கியது. அவளுடைய கோதுமை மாப் பையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான்.

"எங்க தம்பி போறீங்க?"

அவன் சிரித்தான். பள்ளத்துக் குறுக்குப் பாதையைத் தாடையால் காட்டிவிட்டு நடந்தான். அவ்வளவுதான்.

மாலை ஆறரை இருக்கும். கரண்ட் இல்லை. தகரத்தில் மழை அறைந்தது. மகனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. அவன் வருகிற பாதை முழுக்க மண்மேடு. இருப்புக்கொள்ளாமல் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். கடைசியில் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டாள்.

கடைசிப் பத்து வந்தபோது, 'இன்னைக்கு என் பிள்ளைக்காகச் சொன்னால் என்ன?' என்று நாக்கு வரை வந்ததாம். ஆனாலும் பழக்கத்தை விடவில்லை.

"சிவப்பு சுவெட்டர் தம்பிக்காக."

முதல் பாதியைச் சொன்னாள். தனியாள்தானே என்று மறுபாதிக்கும் வாயெடுத்தாள்.

வெளியிலிருந்து பதில் வந்தது.

"புனித மரியே... இறைவனின் தாயே..."

வந்துவிட்டான்! அவளுக்குக் கண் நிறைந்துபோனது. செபத்தை முறிக்காமல் அடுத்த மணிக்குப் போனாள். மீண்டும் பதில். அடுத்தது. மீண்டும் பதில்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக உறைத்தது.

த்ரீவீல் சத்தம் கேட்கவில்லை.

செருப்புச் சத்தமும் இல்லை.

வாலாட்டி ஓடவேண்டிய நாய், கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது.

அந்தக் குரல் எதையும் விழுங்கவும் இல்லை. புதிதாகப் பேசப் பழகும் பிள்ளைபோல, ஒவ்வொரு சொல்லாக... நிறுத்தி... நிறுத்தி...

ஓரிடத்தைத் தவிர.

"இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிய வேண்டும்.

"இப்பொழுதும்... எங்களுக்காக... வேண்டிக்கொள்ளும்."

அடுத்த மணியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

குரல் இப்போது கதவிடுக்கில் இருந்தது.

"முழுசா சொல்லுடா!" மதலேனா அதட்டினாள். "மரண நேரத்த ஏன் விடுற?"

மழை.

மழை மட்டும்.

"அது முடிஞ்சிருச்சும்மா."

கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

படியில் ஈர மண்ணில் இரண்டு பாதங்கள். வந்த தடம் இல்லை. போன தடம் இல்லை. நின்ற தடம் மட்டும்...

என் பிள்ளை போய்விட்டான் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரமோ தெரியாது. த்ரீவீல் வெளிச்சம் முகத்தில் அடித்தபோதும் அவள் எழும்பவில்லை. றுஷாந்தன் இறங்கி வந்தான்.

"அம்மா, வளைவுல ஒருத்தன் குறுக்க நின்னான். ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு. ஹோர்ன் அடிச்சேன், ஏசுனேன்... வாயே தொறக்கல. பிரேக் அடிச்சதுதான், முன்னுக்கு மண்மேடு அப்படியே எறங்கிருச்சு. பாத்தா ஆளக் காணோம்."

"மண்ணுக்குள்ள..."

"இல்லம்மா. அவன் நின்ன எடத்துல மண்ணே விழல."

"என்னடா போட்டிருந்தான்?"

"சிவப்பு சுவெட்டர். ஒரு கை பிஞ்சி தொங்குச்சு."

மறுநாள் காலையில் அவனைத் தோண்டி எடுத்தார்கள். அந்த வளைவில் இல்லை. குறுக்குப் பாதையில், முதல்நாள் மூன்று மணிக்கே சரிந்த மண்ணுக்கு அடியில். பேர் கிருஷ்ணராஜ். வீடு ஹாலிஎலவுக்குப் பக்கத்தில்.

சாவு வீட்டுக்கு நாங்கள் மூவரும் போனோம். சுவரில் முருகன் படமும் விளக்கும். அங்கே செபமாலை தெரிந்தவர் யாரும் இல்லை. மதலேனா அவனுடைய தங்கச்சி சுபாஜினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க அண்ணன் கொரல் இன்னும் என் காதுலயே இருக்கும்மா."

அந்தப் பெண் அழுகையை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தது.

"வேற யாரையோ சொல்றீங்க. அண்ணனுக்குப் பேச்சு வராதுங்க. பொறந்ததுலேர்ந்தே. அம்மான்னுகூட ஒரு தடவ கூப்பிட்டதில்லைங்க."

மதலேனா போன மே மாதம், பதுளை ஆஸ்பத்திரியில், ஒரு பின்னேரம் போனாள். கடைசியாக உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். மறுபாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வாள், நிறுத்துவாள். முதல் பாதியைச் சொல்லி முடிக்கும் அளவு நேரம் கழியும். பிறகு மீண்டும் சொல்வாள். எதிரில் யார் சொன்னார்களோ... எனக்குக் கேட்கவில்லை.

பத்தாவது தடவை அவள் சொன்னது இது.

"இப்பொழுதும்... எங்களுக்காக... வேண்டிக்கொள்ளும்."

முழுசா சொல்லு என்று அதட்ட எனக்கு வாய் வரவில்லை.