ஊசி அக்காவின் மாஸ்க்

எங்கள் தோல் மருத்துவமனையில் ஊசி அக்காவின் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் டாக்டரும் மேனேஜரும் நானும்தான். நான் ரிசப்ஷனில் இருப்பவள். மதியம் அவளோடு சேர்ந்து சாப்பிடுகிறவள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் கன்னத்துப் பருத்தழும்புகளைப் பார்த்துவிட்டு, "வர்றவங்க முன்னாடி மாஸ்க்கைக் கழட்டாதீங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். முகத்தைச் சீராக்கும் இடத்தில் இப்படியொரு முகமா என்று அவருக்குக் கவலை.

தழும்புகளுக்கு டாக்டர் மைக்ரோநீட்லிங் செய்வதற்கு முன்பு, தோல் மரத்துப்போகக் கிரீம் தடவி, என்னவெல்லாம் ஆகும் என்று விளக்குவது அக்காவின் வேலை. அதனால்தான் ஊசி அக்கா. பொடிப்பொடி ஊசிகள் குத்தும், முகம் சிவக்கும், இரண்டு மூன்று நாள் எரியும், தோல் உரியும், வெயில் கூடாது, மேக்கப் கூடாது, ஒரே தடவையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். எல்லாம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மொத்தமா போயிடும்ல?"

அவளும் அந்த ஊசிகளைக் குத்திக்கொண்டவள்தான். டாக்டர் நாலு தடவை செய்துவிட்டார். பள்ளங்கள் கொஞ்சம் மேடேறின. இனி மாஸ்க் வேண்டாம் என்று மேனேஜர் சொல்வார் என, பாவம், காத்திருந்தாள். அந்த மனுஷனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வீட்டில் கணவர், சிவந்த முகத்தைப் பார்த்து, "ஏன், வெயில்ல நின்னியா?" என்றாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடுடி, கோபப்படவும் தெம்பு வேணும்ல" என்றாள் அக்கா.

ஒரு சனிக்கிழமை, ஏற்கெனவே இரண்டு தடவை செய்துகொண்ட பெண் ஒருத்தி வந்தாள். டீச்சர் வேலை புதிதாகக் கிடைத்திருந்தது. நான் கையெழுத்து வாங்க உள்ளே போனபோது கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமைதான் என் முதல் கிளாஸ், அக்கா. இன்னைக்குப் பண்ணிட்டா அதுக்குள்ள சரியாயிடும்ல?"

"திங்கக்கிழமை உனக்குத் தோல் உரிஞ்சுக்கிட்டு இருக்கும்மா. இன்னைக்கு வேண்டாம்."

"இந்த மூஞ்சியப் பாத்தா பசங்க சிரிப்பாங்க. நான் போகவே மாட்டேன். அந்த வேலையே எனக்கு வேண்டாம். உங்களுக்கென்ன, பளிங்கு மாதிரி முகம் இருக்கும்."

 அக்கா மாஸ்க்கைக் கழற்றினாள்.

"இது நாலு தடவை பண்ணின முகம். நல்லாப் பாத்துக்கோ."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். "இவ்வளவுதானாக்கா?"

"எனக்கு இவ்வளவுதான். உனக்கு இன்னும் நல்லாவே வரலாம். பளிங்கெல்லாம் ஆகாது. இந்த முகத்தை வச்சுக்கிட்டுதான் நான் தினமும் வேலைக்கு வர்றேன்."

அந்தப் பெண் முகத்தில் தடவியிருந்த கிரீமைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் அவளைப் பார்த்த மேனேஜர் நேராக உள்ளே வந்தார்.

"வந்தவங்களையும் விரட்டியாச்சா? முதல்ல மாஸ்க்கை மாட்டுங்க. இன்னொரு தடவை இப்படின்னா வேற இடம் பாத்துக்கோங்க."

அக்கா மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தப் பெண் வேலைக்குப் போனாளா இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா அவளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள்.

பள்ளி விடுமுறை விட்டதும் அந்த டீச்சர் பெண் வந்தாள். விட்டுப்போன மூன்றாவது தடவையை இப்போது செய்துகொள்ளலாம் என்றாள். அக்கா ஓடி வந்தாள்.

"போனியா? பசங்க சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கக்கா. போர்டுல என் கையெழுத்து கோணலா இருக்காம். இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லித்தான் ஓட்டுறாங்க."

அக்கா மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று பேர் காத்திருந்த அந்த ஹாலில், நட்ட நடுவில். மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க சார், பேசிட்டிருக்கோம்ல" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை, அலுப்புதான். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.