பின்பக்க வெளிச்சம்

எண்பதுகளின் முடிவில், லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கம் பழைய கார்களைக் கழற்றி விற்கும் யார்டில் வேலை செய்தேன். வீட்டிலேயே பாகங்களைப் பூட்டிக் கார் கட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர் விளக்குத் தேடி வந்தார். மெலிந்த மனிதர். பேச்சின் நடுவே திரும்பித் திரும்பிப் பார்ப்பார். காரைப் பின்னெடுக்கும்போது எரியும் வெள்ளை விளக்குகளில் நான்கை எடுத்தார்.

“அண்ணை, ரெண்டு போதாதோ?”

“போதாது தம்பி. பின்னாலை வாறவையின்ரை முகம் எனக்கு வடிவாத் தெரியவேணும்.”

“ஆர் வருகினம்?”

அவர் விளக்குகளுக்குக் காசை எண்ணி வைத்தார். முன்விளக்குகளுக்குச் சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனவர் வரவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேர் வந்து, கார் கட்டுகிற ஆளைத் தெரியுமா என்று தமிழிலேயே கேட்டார்கள். தெரியாது என்றேன். ஊரில் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் தப்பினாரா என்று இன்றுவரை யாரிடமும் விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.