அண்ணனுக்கு இரண்டு நடை

நீடாமங்கலம் பக்கத்து ரயில்வே கேட் ஒன்றில், தண்டவாளத்துக்கு நடுவே என் அண்ணன் நின்ற கதையை உங்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கேட் மூடப்போகும் மணி அடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி என்னோடு பேசிக்கொண்டே நன்றாக நடந்து வந்தவர், முதல் தண்டவாளத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டார். உடம்பு முன்னால் சாய்கிறது, குதிகால் தூக்குகிறது, பாதம் மட்டும் ஆணி அடித்தது போலத் தரையில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. "வாங்கண்ணே, வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் இறுகிப் போனார். "என்னய்யா, ரயிலு வர்ற நேரத்துல நின்னு வேடிக்கை பாக்குறீரு?" என்று கத்தியபடி கேட்கீப்பர் ஓடி வந்தார். பைக்கில் காத்திருந்த ஒருவர், "இவ்வளவு தூரம் ஜோரா நடந்து வந்தாரே, இப்ப என்ன நடிப்பு?" என்றார். கடைசியில் நானும் கேட்கீப்பரும் அண்ணனின் அக்குளில் கை கொடுத்து, நெல் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி அந்தப் பக்கம் சேர்த்தோம். ரயில் அதற்குப் பிறகுதான் வந்தது. அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அது என் காலாவே இல்லடா தம்பி."

பிள்ளைகளே, அண்ணனுக்கு வந்திருந்தது பார்க்கின்சன் என்கிற நோய். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். டாக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நடக்க வேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் கால் சரியாக எழ, மூளைக்குள் டோபமின் என்று ஒரு பொருள் சுரக்க வேண்டுமாம். அது குறையக் குறைய அடி சுருங்கும், கை வீச்சு நிற்கும், சிலருக்குக் கை நடுங்கும். தலையில் நாற்றுக்கட்டோடு ஒற்றையடி வரப்பில் ஓடிய மனிதர் என் அண்ணன். அவர் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தபோது, "என்ன மாமா, கோழி கிளறுற மாதிரி நடக்குறீங்க?" என்று தெருவில் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் நாங்கள் கண்டது, சத்தியமாக எங்களால் நம்ப முடியாதது. ஒருநாள் அண்ணன் கை இரண்டையும் வீசிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அண்ணி கையில் விளக்குமாற்றோடு வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு சின்ன மாத்திரை ஒரு மனிதருக்குக் காலைத் திருப்பிக் கொடுக்குமா? கொடுத்தது. ஆனால் டாக்டர் அன்றே எச்சரித்தார், "இது நோயைத் தீர்க்கிற மருந்து இல்லைங்க. இது வேலை செய்யிற நேரம் வரைக்கும்தான் அந்த நடை" என்று. வருஷங்கள் போகப் போக அந்தப் பேச்சின் அர்த்தம் தெரிந்தது. மாத்திரைக்கு முன்னால் கட்டில் விளிம்பில் கல்லாக உட்கார்ந்திருப்பார். அது இறங்கிய பிறகு எழுந்து வயலுக்குப் போய்விடுவார். அடுத்த மாத்திரை நெருங்கும்போது பழையபடி கல். ஒரே பகலில் ஒரே ஆளுக்கு இரண்டு நடை. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "வேலைன்னா படுத்துக்குறாரு, டீன்னா ஓடுறாரு" என்றார்கள்.

ஒரு கோடையில் அண்ணனுக்கு உடம்பெல்லாம் சூட்டுக் கொப்புளம் வந்தது. இங்கிலீஷ் மாத்திரை என்றாலே சூடு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம். சூட்டைத் தணிக்க அண்ணி கண்டுபிடித்த வழி பால். வீட்டு மாட்டின் பால், காய்ச்சி, ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு சொம்பு. தெம்புக்கு அவித்த முட்டை வேறு. கொப்புளம் போய்விட்டது. நடையும் போய்விட்டது. போட்ட மாத்திரை சில வேளை கேட்கும், சில வேளை கேட்காது. மாத்திரை பழகிப்போச்சு, இனி அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்தோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாமா என்று அண்ணன் என்னிடம் கேட்டதும் அப்போதுதான். காலோடு சேர்த்து நிலத்தையும் இழக்கத் தயாராகிவிட்டார் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கோடை முடிவதற்குள்தான் ரயில்வே கேட்டில் நின்றார்.

மறுநாளே தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நடந்ததைக் கேட்ட டாக்டர், "மாத்திரையை எதோட போடுறாரு?" என்றார்.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெறும் தண்ணியில குடுக்கிறதே இல்லைங்க டாக்டர். சூட்டு மாத்திரையாச்சே! நம்ம வீட்டுப் பாலு, ஒரு சொம்பு. கூட ரெண்டு முட்டை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, பாலு, முட்டை, பருப்புல எல்லாம் புரதம் இருக்கு. அதுவும் இந்த மருந்தும் உடம்புக்குள்ள போறது ஒரே வழி. ஒரே மதகுல ரெண்டு வாய்க்கால் தண்ணி முட்டுனா என்ன ஆகும்? பாலு முந்திக்கிச்சு, மருந்து வெளியில நின்னுடுச்சு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. இவருக்கு ஆவுது."

அப்புறம் அண்ணி மெதுவாகக் கேட்டார்: "அப்ப நானா இவரு காலக் கட்டிப் போட்டேன்?"

"யாரும் கட்டலம்மா. இவருக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி, தண்ணியில குடுங்க. பாலு அப்புறம் குடிக்கட்டும். நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, அது ரொம்ப ஆபத்து."

"குத்தவாளி மாடுதாங்க டாக்டர்" என்றார் அண்ணன். "இவள விட்டுருங்க."

அண்ணி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீரில் போட ஆரம்பித்ததும் நடை பெரும்பாலும் திரும்பிவிட்டது. டாக்டர் வேளையையும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து அண்ணி மாத்திரை அட்டையைத் தொடுவதே இல்லை. நடுங்கும் கையால் அண்ணனே பிரிப்பார், மாத்திரை துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடும், நான் போய்த் தேடுவேன். அண்ணி அடுப்படியில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருப்பார்.

நோய் அண்ணனை விட்டுப் போகவில்லை. இன்றும் திடீரென்று நிற்கத்தான் செய்கிறார். தெருவில் ஒருவர் அப்படி நின்றால் நீங்கள் இழுக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், நடிப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் இழுத்துப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

இந்தக் குறுவை நடவுக்கு நான் டிராக்டரில் சேறு அடித்துக்கொண்டிருந்தேன். மடை பார்க்கப் போன அண்ணன் நடு வரப்பில் நின்றுவிட்டார். ஒரு பக்கம் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வாய்க்கால், ஒரு பக்கம் சேறு. எனக்கு மறுபடியும் அந்த மணி காதில் அடித்தது. வண்டியை அணைத்துவிட்டுக் குதித்தேன். என்னைவிட அருகில் இருந்தவர், சாப்பாட்டோடு வந்துகொண்டிருந்த அண்ணி. அவர் இழுக்கவில்லை. தோளைப் பிடித்து மெல்ல வரப்பில் உட்கார வைத்தார். பிறகு அண்ணனின் சட்டைப் பையில் கையை விட்டு அட்டையை எடுத்தார். தானே பிரித்தார். தூக்குச்சட்டியின் மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

"பாலு இல்லையா?" என்றார் அண்ணன்.

"வாயிலயே போடுவேன்" என்று அண்ணி கையை ஓங்கினார்.

இருவரும் மருந்து இறங்கக் காத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் நாற்றுக்கட்டோடு பெண்கள் வந்து வரிசையாக நின்றார்கள். "அக்கா, வழிய விடுங்க, நாத்து வாடுது!" என்று ஒருத்தி சத்தம் போட்டாள்.

"சேத்துல இறங்கிப் போங்கடி" என்றார் அண்ணி. "இவருக்கு இன்னும் முறைத் தண்ணி வந்து சேரல."

பெண்கள் சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்கினார்கள். அண்ணியும் சிரித்தார். வெயில் ஏறிய பிறகு அண்ணன் எழுந்தார். வலது பாதம் வரப்பை விட்டு எழுந்தது. பிறகு இடது. அவர் பாட்டுக்கு மடைக்குப் போனார். நான் சேற்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு அந்தத் திகைப்பு தீரவில்லை.